விரிசலைப் பூசி மறைக்க வேண்டாம்

வன்னியிலோ மட்டக்களப்பிலோ குளத்தை நம்பி வயல் செய்த எவரும் ஒன்றை நன்கறிவர். குளக்கட்டு எவ்வளவு உறுதியாய் இருந்தாலும் வான் இல்லாவிட்டால் ஒரு பெருமழைக்கு நில்லாது. மிஞ்சிய நீர் வெளியேற வழிவிட்ட கட்டே நிலைக்கும். சமதரையில் இதை அறிந்த நாம், மலைச்சரிவில் குடியேறியதும் மறந்துவிடுகிறோம்.

கட்டுகஸ்தோட்டையைச் சுற்றியுள்ள சரிவுகளில் பத்துப் பேர்ச் காணி கிடைத்தாலே பெரிய காரியம். மேட்டை வெட்டி வீட்டுக்குத் தரை எடுக்கிறோம். வெட்டிய இடத்தில் கருங்கல்லால் ஒரு தாங்கு மதில் எழுப்பி, மேலே கறிமிளகாயும் வாழையும் வைக்கிறோம். இரண்டு மாரி கழிய மதிலில் விரிசல் தோன்றுகிறது. உடனே ஒரு பை சீமெந்து வாங்கிப் பூசிவிடுகிறோம். நாமும் அப்படித்தான் செய்தோம். அடுத்த மாரியில் அதே விரிசல் இன்னும் அகலமாய்த் திறந்தது. பூச்சு விரிசலை மூடியதோடு, நீர் கசிந்த கடைசி வழியையும் அடைத்துவிட்டது.

மதிலைத் தள்ளுவது மண் மட்டுமன்று. மண்ணுக்குள் தேங்கிய நீரும் தள்ளுகிறது. ஆறடி உயர மதிலின் பின்னால் உச்சிவரை நீர் நின்றால், ஒவ்வோரடி நீளத்தையும் நீர் மட்டுமே ஏறத்தாழ 500 கிலோ பாரத்துக்கு ஈடாகத் தள்ளும். உயரம் இரண்டு மடங்கானால் இந்தத் தள்ளுதல் நான்கு மடங்காகும். எந்தப் பூச்சும் இதைத் தாங்காது. ஆகவே முதல் வேலை நீருக்கு வழி விடுவது. பூசுவது கடைசி வேலை.

மதிலுக்கு மேற்புறத்தில் ஒரு கான் வெட்டி, மழைநீரை ஓரமாகக் கொண்டுபோய்ப் பாதுகாப்பான இடத்தில் விடவேண்டும். கூரை நீரும் குளியல் நீரும் மதிலின் பின்னால் இறங்கக்கூடாது. மதிலின் அடியிலிருந்து ஓரடி உயரத்தில், ஐந்தடிக்கு ஒன்றாக, இரண்டு மூன்று அங்குலக் குழாய்களை வெளிப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கப் பதிக்கவேண்டும். அவற்றின் பின்னால் சிறுகல் இட்டால் மண் வந்து அடைக்காது. இதற்காகப் பின்புறம் தோண்டுவதானால் மழையில்லாக் காலத்தில், ஒரு தடவைக்குச் சில அடி நீளம் மாத்திரம் தோண்டுவோம். மண் காய்ந்தபின் விரிசலைச் சுரண்டி நனைத்து, ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து நிரப்பலாம். ஆளுயரத்துக்கு மேற்பட்ட மதிலாயின், அல்லது மதில் வயிறு தள்ளி நின்றால், நாமாகக் கைவைக்காமல் பிரதேச சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரைக் கேட்பதே அறிவுடைமை.

எல்லா விரிசலும் திருத்தக் கூடியதல்ல. விரிசலின் இரு முனையிலும் கோடிட்டுத் திகதி எழுதி, கிழமைக்கொருமுறை அகலத்தை அளந்து வருவோம். மாறாதிருந்தால் திருத்தலாம். நாளுக்கு நாள் வளர்ந்தால், மேலே தோட்டத் தரையும் பிளந்தால், மரங்கள் சாய்ந்தால், இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்பிக் கலங்கல் நீர் வந்தால், அசைவது மதிலன்று, மலை. அப்போது எடுக்கவேண்டியது சீமெந்துப் பை அன்று. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேற வேண்டும். இரவானாலும் 117 இலக்கத்துக்கு அழைத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு அறிவிக்கலாம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகளையும் மனதில் வைப்போம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழித்திருக்க வேண்டும். 100 ஆனால் புறப்பட ஆயத்தமாக வேண்டும். 150 ஆனால் வெளியேற வேண்டும். நேரான பக்கங்களுள்ள ஒரு தகரப் பேணியும் அடிமட்டமும் இருந்தால் முற்றத்திலேயே மழையை அளக்கலாம். ஆனால் மேற்சொன்ன அறிகுறிகள் தெரிந்தால் கணக்குப் பார்த்துக் காத்திருக்கக் கூடாது.

ஆயினும் இவ்வளவையும் ஏழைக் குடும்பத்தின் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமா? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. போக்கிடம் இல்லாதவனுக்கு எச்சரிக்கை ஒரு காகிதம்தான். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களின் மலைகள் சரிந்தன. அப்போது வீடிழந்தோருக்குக் காணி தேடும் எவரும் இதை மறக்கலாகாது. சரிவில் காணி கொடுப்பவர்கள் கானும் மதிலும் சேர்த்தே கொடுக்கவேண்டும். உறுதிப்பத்திரத்தோடு, அந்நிலம் குடியிருக்க ஏற்றது என்ற ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையையும் கேட்டு வாங்குவது நமது உரிமை. கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

நமக்குள்ளும் ஒரு கடமை உண்டு. நமது மதில் கீழ்வீட்டுக்காரனின் கூரைக்கு மேல் நிற்கிறது. மேல்வீட்டுக்காரனின் கான் நமது மதிலின் பின்னால் முடிகிறது. சரிவில் தனி வளவு என்று ஒன்றில்லை. வேலி ஓரத்தில் நீருக்காகச் சண்டை பிடிப்பதை விட்டு, மாரிக்கு முன் ஒரு நாளைச் சிரமதானத்துக்கு ஒதுக்கி, உச்சி வீட்டிலிருந்து அடி வீடுவரை ஒரே கானை வெட்டித் துப்புரவாக்குவோம். குளக்கட்டைக் காக்க ஊரே மண்வெட்டியோடு கூடிய வழக்கம் நம்முடையது. அந்த மண்வெட்டியை மலைக்கும் கொண்டுவருவோம்.