அன்னதானம் ஆச்சு, ஆயாம்மாவுக்கு லீவு எப்போ?

'பர்ன் அவுட்'ங்கிற வார்த்தைய நம்ம பொட்டி தட்டுற கூட்டம் மொத்தமா குத்தகைக்கு எடுத்து வெச்சிருக்கு. ரெண்டு சனிக்கிழமை சேர்ந்தாப்ல ஆணி புடுங்கினா பர்ன் அவுட். ரிலீஸ் தள்ளிப்போனா பர்ன் அவுட். உடனே ஹெச்.ஆர்.ல இருந்து மெயில் வரும்: வெள்ளிக்கிழமை சாயங்காலம் யோகா, முடிஞ்சதும் பீட்சா. அந்தக் காம்பினேஷன பத்தி தனியா ஒரு பதிவு போடணும் :-)

நக்கல்னு நினைக்காதீங்க மக்களே. சர்வர் படுத்துக்கிச்சுன்னு ராத்திரி மூணு மணிக்கு போன் வந்து எழுந்திருச்சவன்தான் நானும். நம்ம கஷ்டமும் கஷ்டம்தான். ஆனா இந்த வார்த்தையோட பூர்வீகத்த தேடிப் போனா, இது நமக்காகப் பொறந்ததே இல்லைன்னு தெரியுது.

1974-ல ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர்னு ஒரு நியூயார்க் உளவியலாளர் இதைப் பத்தி கட்டுரை எழுதினார். பகல்ல தன்னோட சொந்த பிராக்டிஸ், ராத்திரியில ஒரு இலவச மருத்துவமனையில சேவை. போதைப் பழக்கத்துல மாட்டிக்கிட்டவங்க நிறைய வர்ற இடம் அது. ஆரம்பத்துல துள்ளிக் குதிச்சு வேலைக்கு வந்த ஆட்கள் கொஞ்ச காலத்துல எரிஞ்சு அடங்கின கரிக்கட்டை மாதிரி ஆகிறத பார்த்துதான் அந்தப் பேர வெச்சார். 1981-ல கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன்னு ரெண்டு பேர் இதை அளக்க ஒரு கேள்வித்தாளே தயார் பண்ணாங்க. அதுவும் முதல்ல மனுஷங்களோட நேரடியா பழகற வேலைக்காரங்களுக்காகத்தான். அவங்க சொன்ன அறிகுறி மூணு. மனசு வத்திப் போறது. எதிர்ல இருக்கிற மனுஷன மனுஷனா பார்க்க முடியாம போறது. 'நான் செய்யறதுல என்ன பிரயோஜனம்'னு தோணறது.

2019-ல உலக சுகாதார நிறுவனம் இதைத் தன்னோட நோய்ப் பட்டியல்ல விளக்கும்போது 'இது நோய் இல்ல, வேலையோட சம்பந்தப்பட்ட ஒரு நிலை'ன்னு தெளிவா சொல்லிருச்சு. சரியா கையாளாம விட்ட பணியிட அழுத்தத்தோட விளைவு. அதாவது கோளாறு ஆள்கிட்ட இல்ல, வேலைய அமைச்ச விதத்துல இருக்கு. இந்த ஒரு வரிய ஞாபகம் வெச்சுக்கோங்க, இந்தப் பதிவே அதைச் சுத்தித்தான்.

நமக்கு ஊரு திருவண்ணாமலை. வெளியூர்க்காரங்களுக்கு அது தீபம், பௌர்ணமி, 14 கிலோமீட்டர் கிரிவலம். கோயில் ஊருக்கு இன்னொரு பக்கம் உண்டு. யாரும் வேண்டாம்னு விட்டவங்க கடைசியா வந்து சேர்ற இடமும் அதுதான். வீட்டை விட்டு வந்த சாமியாருங்க, புள்ளைங்க கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போன கிழவிங்க, புத்தி பேதலிச்சவங்க, எல்லாரையும் மலையைச் சுத்தி பார்க்கலாம். அதனாலேயே முதியோர் இல்லம், காப்பகம்னு ஊரைச் சுத்தி வந்துருச்சு. நல்ல விஷயம். அங்கெல்லாம் வேலை செய்யறது யாருன்னு என்னிக்காவது கவனிச்சிருக்கோமா?

எங்க தெருப்பக்கத்து அக்கா ஒருத்தர் இப்படி ஒரு இல்லத்துல வேலை பார்க்கிறாங்க. இல்லத்தோட பேரு வேணாம். நல்லது பண்ணணும்னு நினைச்சு நடத்தற இடம்தான். காலையில ஆறு மணிக்குப் போனா மறுநாள் காலையில ஆறு மணிக்குத்தான் வெளிய வருவாங்க. அடுத்தவங்க வரலைன்னா அதுவும் இல்ல, இன்னொரு நாள் அப்படியே ஓடும். குளிப்பாட்டறது, துணி மாத்தறது, மாத்திரை குடுக்கிறது, ராத்திரி எழுந்து நடக்கிறவங்கள பிடிச்சு உக்கார வைக்கிறது, எல்லாம் அவங்கதான்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப பேசிட்டு இருந்தோம். "எப்படிக்கா இருக்கு வேலை?"ன்னேன்.

"வேலை பழகிடுச்சு தம்பி. முன்னெல்லாம் ஒவ்வொருத்தரையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். இப்ப ஏழாம் நம்பர் கட்டிலு, ஒம்பதாம் நம்பர் கட்டிலுன்னுதான் வாயில வருது. ஏழாம் நம்பர் செத்துப் போச்சுன்னு போன வாரம் சொல்லிட்டேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான், அய்யோ அந்தப் பாட்டிக்கு பேரு இருந்துச்சேன்னு உறைச்சுது."

மாஸ்லாக் சொன்ன ரெண்டாவது அறிகுறிய இதைவிட சுருக்கமா யாரும் சொல்ல முடியாது. அக்கா கல் மனசுக்காரங்க இல்ல. ஓய்வே இல்லாம அடுத்தவங்க வேதனைய பார்த்துக்கிட்டே இருந்தா மனசு தானே ஒரு கதவ சாத்திக்கும்.

இப்ப கொஞ்சம் கணக்கு. நம்ம தொழில் புத்தி எங்க போகும்? வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு ஆள் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செஞ்சா, ஒரே ஒரு ஆள் எந்நேரமும் முழிச்சு இருக்கணும்னாலே மூணரை ஆள் தேவை. காய்ச்சல், நல்லது கெட்டது, லீவு எல்லாம் சேர்த்தா நாலு. எங்க ஆபீஸ்ல ஒரு அப்ளிகேஷன் படுத்துக்காம பார்த்துக்க எட்டு பேர் ரோஸ்டர் போட்டு மாத்தி மாத்தி இருக்கோம். சர்வருக்கு மலம் அள்ளிப் போட வேண்டாம், அது ராத்திரியில அம்மான்னு அழாது.

அரசாங்கமே எழுதி வெச்ச கணக்கையும் பாருங்க. சிறார் நீதிச் சட்டத்துக்கு மத்திய அரசு 2016-ல போட்ட மாதிரி விதிகள்ல, 100 பிள்ளைங்க இருக்கிற இல்லத்துக்கு மொத்தம் 25 பணியிடம். கண்காணிப்பாளர்ல இருந்து சமையல்காரர், தோட்டக்காரர் வரைக்கும் இதுல அடக்கம். பிள்ளைங்க கூடவே இருந்து பார்த்துக்கிற இல்லத்தாய், இல்லத்தந்தை பணியிடம் எவ்வளவு தெரியுமா? நாலு. மேல போட்ட கணக்குப்படி நாலு பேர்னா ஒரு நேரத்துக்கு ஒருத்தர். பகல்ல பள்ளிக்கூடம் இருக்கு, மத்த ஊழியர் இருக்காங்க, சரி. ராத்திரி ரெண்டு மணிக்கு, வீட்டை நினைச்சு அழற பிள்ளை, ஜுரம் அடிக்கிற பிள்ளை, படுக்கைய நனைச்ச பிள்ளை, அத்தனைக்கும் ஒரே அம்மா. இத்தனைக்கும் இது எல்லா பணியிடமும் நிரம்பி, விதிய ஒழுங்கா மதிக்கிற இடத்தோட கணக்கு.

ஆள் குறைஞ்சா அந்த இடத்துல என்ன வந்து உக்காரும்? பூட்டு வரும், அதட்டல் வரும், அடி வரும். தமிழ்நாட்டுக்கு இது புதுசு இல்ல. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. அதுவும் நம்பிக்கையோட ஜனங்க வந்து சேர்ற ஊர்தான். ஒரு மனநலக் காப்பகத்துல தீ பிடிச்சு, சங்கிலியில கட்டிப் போட்டிருந்த 28 பேர் செத்துப் போனாங்க. அதுக்கு லாப வெறியும் காரணம், கண்ண மூடிக்கிட்ட நிர்வாகமும் காரணம், எல்லாத்தையும் ஆள் பற்றாக்குறை மேல போட மாட்டேன். ஆனா சங்கிலி செய்யற வேலை என்ன? பக்கத்துல ஒரு ஆள் இருந்து பார்த்துக்க வேண்டியத அது பார்த்துக்குது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலிய எந்த வடிவத்திலயும் கூடாதுன்னு தடை பண்ணிருச்சு. சங்கிலி இருந்த இடத்துல ஆள வெக்க வேண்டியது யாரு, அந்த ஆளுக்கு சம்பளம் யாரு குடுக்கிறது?

இங்கதான் நம்மகிட்ட வரேன். ஆமா, நாமதான்.

திருவண்ணாமலையில சோத்துக்குப் பஞ்சமே கிடையாது. ரமணாசிரமத்துல தினமும் ஏழைகளுக்கும் சாமியாருங்களுக்கும் சாப்பாடு போடறாங்க. பௌர்ணமின்னா வழியெல்லாம் அன்னதானம். இல்லங்கள்லயும் அப்படித்தான். பிறந்த நாள், கல்யாண நாள், அப்பா திதி, 'இன்னிக்கு மதிய சாப்பாடு நம்ம உபயம்'. போய் ரெண்டு கரண்டி பரிமாறி போட்டோ எடுத்து போட்டுட்டு வந்துருவோம். அக்கா இதைப் பத்தியும் சொன்னாங்க. "விசேஷ நாள்ல மூணு எடத்துல இருந்து சோறு வருது தம்பி. யாரையும் வேணாம்னு சொல்ல முடியாது. பாவம், ஆசையா கொண்டாராங்க. வடை, பாயசம்னு சாப்பிட்டுட்டு ராத்திரியெல்லாம் கிழடுங்களுக்கு வயித்தால போகும். அலசறது நாங்கதான்."

சோறு போடறது புண்ணியம், அலசறவங்களுக்கு சம்பளம் குடுக்கிறது 'நிர்வாகச் செலவு'. நம்ம மனசுல இருக்கிற கணக்கு இதுதான். 'நான் குடுக்கிற காசு நேரா ஏழைக்குப் போகணும், ஸ்டாஃப் சம்பளத்துக்குப் போகக்கூடாது'ன்னு எத்தன பேர் பெருமையா சொல்லிக் கேட்டிருக்கேன்! 2020-ல வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துல நிர்வாகச் செலவு வரம்ப 50 சதவீதத்துல இருந்து 20-ஆ குறைச்சாங்க. டாக்டர், டீச்சர் மாதிரி நேரா சேவை செய்யறவங்க சம்பளம் அந்த வரம்புல சேராதுன்னு விதியில இருக்கு. அந்தப் பாகுபாடு சட்டத்துக்குத் தெரியுது, நமக்குத்தான் தெரியல.

'சேவைதானே, மனசோட செய்யணும்'னு ஒரு வாதம் வரும். இந்த 'சேவை'ங்கிற வார்த்தை ரொம்ப வசதியான வார்த்தை. அங்கன்வாடிய எடுத்துக்கோங்க. திட்டம் ஆரம்பிச்சது 1975 அக்டோபர் 2. அந்த அம்மாக்களுக்குக் குடுக்கிறது சம்பளம் இல்லையாம், 'மதிப்பூதியம்'. அவங்களுக்கும் பணிக்கொடை உண்டுன்னு உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் வரைக்கும் ஆச்சு. 2023 ஏப்ரல்ல தொழிற்சாலைகள்ல 12 மணி நேர வேலைக்கு வழி விடற மசோதா நம்ம சட்டசபையில நிறைவேறினப்ப தமிழ்நாடே கொதிச்சுது, பத்தே நாள்ல அரசு வாபஸ் வாங்கிச்சு. நியாயமான கொதிப்பு. அப்பவும் இந்த அக்காக்களோட 24 மணி நேரத்த பத்தி பேசின ஆளை நான் பார்க்கல. சேவைக்கு கடிகாரம் கிடையாது போல.

ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். களைச்சுப் போனவங்க ஒரு கிழவிய அடிச்சா அதுக்கு நியாயம் கற்பிக்க மாட்டேன். அடி வாங்கினவங்க பக்கம்தான் நிக்கணும். ஆனா அடிச்ச ஆள மட்டும் துரத்திட்டு அதே 24 மணி நேர டூட்டியில இன்னொரு ஆள நிறுத்தினா, ஆறு மாசத்துல அதே கதைதான். பிழை இருக்கிறது கோட்ல. சிஸ்டத்த ரீஸ்டார்ட் பண்ணா போயிடுமா?

'சம்பளத்துக்குன்னு குடுத்தா நடத்தறவன் அமுக்கிருவான்'னு சொல்றீங்களா? அரிசிக்குன்னு குடுத்தா மட்டும் அமுக்க மாட்டானா? கேட்டுட்டுக் குடுங்க. அடுத்த தடவை இல்லத்துக்குப் போறப்ப மெனுவ கேக்காதீங்க, டூட்டி சார்ட்ட கேளுங்க. ராத்திரியில எத்தன பேருக்கு எத்தன ஆளு? ஆயாம்மாவுக்கு வார லீவு என்னிக்கு? அவங்க லீவு போட்டா மாத்தி வர்றது யாரு? பி.எஃப். பிடிக்கிறாங்களா? சுவத்துல எழுதி மாட்டியிருந்தா நம்பிக் குடுக்கலாம். நாலு இல்லத்துல நாலு பேர் கேட்டா, அஞ்சாவது இல்லத்துல அவங்களே மாட்டுவாங்க.

நம்ம டீம்ல பத்து பேர் சேர்ந்து, ஒரு நாள் சாப்பாட்டுக்குப் பதிலா மாசா மாசம் ஒரு ராத்திரி ஆளோட சம்பளத்த ஏத்துக்கலாம். போட்டோ எடுக்க ஒண்ணும் இருக்காது, போர்டுல பேர் வராது. ஆனா யாரோ ஒரு அக்கா வாரத்துல ரெண்டு ராத்திரி கூடுதலா தன் வீட்டுல படுத்துத் தூங்குவாங்க. தூங்கி எழுந்து வந்தாங்கன்னா, கட்டில் நம்பருக்குப் பதிலா பேர் சொல்லிக் கூப்பிடறதுக்கு ஒரு வாய்ப்பு இருக்கு. நாளைக்கு நம்ம அப்பா அம்மாவோ, ஏன் நாமளேகூட, அந்தக் கட்டில்ல இருக்கலாம்.

உங்க ஊர் இல்லத்துல டூட்டி சார்ட் எப்படின்னு விசாரிச்சு பின்னூட்டத்துல சொல்லுங்க. கும்மி அப்புறம் வெச்சுக்கலாம்.

டிஸ்கி: இதுல அன்னதானத்துக்கு எதிரா ஒண்ணும் இல்ல. பௌர்ணமிக்கு நானும் வரிசையில நின்னு புளியோதரை வாங்கிச் சாப்பிடற ஆளுதான் :-)