சுரங்கம் மூடிய பிறகும் ஊதுகிறார்கள்



இரவு வேலை முடிந்து உடுப்பு மாற்றும் நேரம். எங்கள் லைனில் நிற்கும் வெள்ளைக்காரர் ஒருவர், "உன் மகளுக்கு முன்பல் எல்லாம் முளைத்துவிட்டதா?" என்று கேட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. முன்பல் விழுந்து முளைத்த பிள்ளைக்குத்தான் கோர்னெற் ஊத வாய் கூடும் என்று பிறகு விளக்கினார். மனிதர் பக்கத்துச் சுரங்கக் கிராமத்துப் பித்தளை வாத்தியக் குழுவில் யூபோனியம் ஊதுபவர். குழுவுக்குப் பிள்ளைகள் வேண்டுமாம்.

யோர்க்‌ஷயருக்கு வந்து பன்னிரண்டு வருடமாகிறது. நத்தார் காலத்தில் கடைத்தெருவில் இந்தக் குழுக்கள் நின்று ஊதும்போது, வசதியானவர்களின் பொழுதுபோக்கு என்று நினைத்துச் சில்லறையைப் போட்டுவிட்டு நடந்துவிடுவேன். நான் நினைத்தது பிழை. இது எங்களைப் போல ஷிப்ற் வேலை செய்தவர்கள் உண்டாக்கிய வாத்தியம்.

இங்கிருந்து அதிக தூரமில்லாத குவீன்ஸ்பரியில் ஆட்டுமயிர் நெசவாலை வைத்திருந்த ஜோன் பொஸ்ரர் என்ற முதலாளி, 1855 இல் ஊர்க்குழுவுக்கு வாத்தியமும் சீருடையும் கொடுத்தார். ஊதியவர்கள் ஆலைத் தொழிலாளர்கள். அதுதான் இன்றைக்கும் உலகப் புகழோடு இருக்கும் பிளக் டைக். மன்செஸ்ரரில் பெல் வியூ பூங்காவில் 1853 இலேயே குழுக்களுக்குப் போட்டி தொடங்கிவிட்டது. சுரங்கங்களிலும் குழுக்கள் வந்தன. பல இடங்களில் தொழிலாளரின் கிழமைச் சம்பளத்தில் சில பென்ஸ் குழுவுக்கென்று கழிக்கப்பட்டது. பிறைட்டவுஸ் அன்ட் றாஸ்ற்றிக் குழுவுக்கு முதலாளியே இல்லை, ஊர்மக்கள் காசில் வளர்ந்தது. 1977 இல் அவர்களின் "புளோரல் டான்ஸ்" இசைத்தட்டு விற்பனையில் நாட்டிலேயே இரண்டாம் இடத்துக்கு வந்தது.

ஒரு முழுக் குழுவில் பித்தளை வாத்தியக்காரர் இருபத்தைந்து பேர், அதோடு மேளக்காரர். ட்ரம்பெற் கிடையாது, அந்த இடத்தில் கோர்னெற். பிறகு புளூகல் ஹோர்ண், ரெனர் ஹோர்ண், பரிற்றோன், யூபோனியம், ரொம்போன், கடைசியில் மடியில் குழந்தை மாதிரி வைத்து ஊதும் பெரிய பேஸ். இதில் எனக்குப் பிடித்த விசயம் ஒன்றிருக்கிறது. இழுத்து ஊதும் ரொம்போனைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் விரல் வைக்கும் முறை ஒன்றுதான், இசைக் குறிப்பு எழுதும் முறையும் ஒன்றுதான். சின்னக் கோர்னெற் பழகிய பிள்ளை, ஆள் குறைந்தால் நாளைக்கே ஹோர்ணுக்கு மாறலாம். வாயைத்தான் புதிதாகப் பழக்க வேண்டும். ஒருவருக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். சங்கீத ஆசிரியருக்குக் காசு கொடுக்க வழியில்லாத தொழிலாளிக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

இனி கிறைம்தோப் கதை. பார்ன்ஸ்லிக்குப் பக்கத்தில் உள்ள அந்தச் சுரங்கக் கிராமத்தின் குழு 1917 இல் தொடங்கியது. 1984, 85 வேலைநிறுத்தம் ஒரு வருடம் நீடித்துத் தோற்றது. 1985 மார்ச்சில் பல ஊர்களில் தொழிலாளர்கள் கொடியும் வாத்தியமும் முன்னே போகத்தான் வேலைக்குத் திரும்பினார்கள். 1992 ஒக்ரோபரில் முப்பத்தொரு சுரங்கங்களை மூடப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. கிறைம்தோப்பும் அதில் ஒன்று. அந்தச் செய்தியைக் கேட்ட சில நாட்களிலேயே லண்டன் றோயல் அல்பேர்ட் மண்டபத்தில் ஊதி, அந்தக் குழு தேசியப் போட்டியில் முதலிடம் பெற்றது. அடுத்த வருடம் சுரங்கத்தை மூடினார்கள். இதையொட்டி 1996 இல் "பிறாஸ்ட் ஓவ்" என்ற படம் வந்தது. அதில் நடிகர்கள் ஊதுவதாகக் காட்டினாலும் கேட்பது கிறைம்தோப் குழுவின் வாசிப்புத்தான். 2015 டிசம்பரில் கெலிங்லியை மூடியதோடு பிரித்தானியாவில் ஆழ நிலக்கரிச் சுரங்கமே இல்லாமல் போய்விட்டது. கிறைம்தோப் குழு இன்றும் ஊதுகிறது, பெயரில் இன்றும் "சுரங்கம்" இருக்கிறது.

எங்கள் வேலைத்தல நண்பரின் குழு அவ்வளவு பெரியதல்ல. நான் ஒருநாள் போய்ப் பார்த்தேன். கிளப்புக்குப் பின்னால் குளிர்ந்த அறை, பதினாறு பேர், நாலு பேஸ் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு. 2020 இல் நோய் வந்து பயிற்சி நின்றபோது போன சிலர் திரும்பி வரவில்லையாம். சம்பளம் ஒருவருக்கும் இல்லை. வாத்தியம் குழுவின் சொத்து, பிள்ளைக்கு இரவல் தருகிறார்கள்.

எங்கள் நாதஸ்வரமும் தவிலும் என் நினைவுக்கு வந்தன. அவை சில குடும்பங்களுக்குள்ளேயே இறங்கிய கலை. அந்தக் குடும்பங்களைத் திருவிழாவில் முன்னே நடக்கவிட்டு, மற்ற நாளில் எங்கே நிற்க வைத்தோம் என்பது எங்களுக்கே தெரியும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஒரு சீவாளியைக் கொடுத்து "ஊதிப் பார்" என்று நாங்கள் சொன்னதில்லை.

வீட்டில்தான் பிரச்சினை. பிள்ளைகளின் பயிற்சி சனிக்கிழமை காலை.

"சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூடமெல்லே? அதை விட்டிட்டு உவள் குழல் ஊதப் போறாளோ? ரெண்டு வருசத்திலை அம்மம்மாவோடை ரெலிபோனிலை கதைக்கவும் மாட்டாள், சொல்லிப்போட்டன்" என்றார் மனைவி.

எனக்குப் பதில் இல்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மகளின் தமிழ் எழுத்துத்தான் ஊரில் இருக்கும் என் அம்மாவுக்குப் போகும் கடிதம். தமிழ்ப் பள்ளி ஆசிரியையிடம் நேரத்தை மாற்றலாமா என்று கேட்டேன். ஒரு பிள்ளைக்காக முப்பது பிள்ளைகளை மாற்ற முடியாது என்றார். நியாயம்தான்.

நண்பரிடம் "இல்லை" என்று சொல்லத்தான் போனேன். அவர் புதன்கிழமை பெரியவர்களின் பயிற்சிக்கு முன் அரைமணி நேரம் தானே பழக்குவதாகச் சொன்னார். ஆனால் அவரும் நானும் ஒரே ஷிப்ற். பின்னேர வேலைக் கிழமையில் இரண்டு பேருக்கும் வழியில்லை. "அப்படியென்றால் அக்கா பழக்குவா" என்றார். அக்கா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்பவர், ரெனர் ஹோர்ண் ஊதுபவர். விரல் ஒன்றுதானே! மனைவி சரி, பிழை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் புதன்கிழமை மகளுக்குச் சாப்பாட்டை நேரத்தோடு கொடுத்துவிட்டார்.

இப்போது ஒரு பழைய கோர்னெற் எங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. மகளுக்கு இரண்டு சுரம் வருகிறது, மூன்றாவது எருமை கத்துவது போல இருக்கிறது. மற்ற நகரங்களில் பிள்ளைகளை இப்படியான குழுக்களில் விட்ட பெற்றோர் இருந்தால் ஆசிரியருக்கு எழுதுங்கள். கீழ்வீட்டுக்காரரை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.