கணினி படிக்கும் மகளுக்குக் கதைப் புத்தகம் எதற்கு?



"கம்பியூட்டர் படிக்கிற பிள்ளைக்கு இனிக் கதைப் புத்தகம் எதற்கு?" நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பிள்ளை உயர்தரத்தில் கணிதப் பிரிவையோ தொழில்நுட்பப் பிரிவையோ எடுத்துவிட்டால் போதும், அலுமாரியில் இருந்த கதைப் புத்தகங்கள் அட்டைப் பெட்டிக்குள் போய்விடுகின்றன. ரியூஷன் முடிந்து கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்கோ கம்பளைக்கோ பஸ்ஸில் திரும்பும் பெண்பிள்ளையின் கையில் வினாத்தாள் இருந்தால் அது படிப்பு. நாவல் இருந்தால் அது நேரத்தை வீணாக்குவது. மகன் வாசித்தால் "பொழுது போகிறது" என்று விட்டுவிடுபவர்கள்கூட, மகள் வாசித்தால் "கதை வாசித்துக் கெட்டுப்போகிறாள்" என்கிறார்கள்.

எனவே இந்த மாதம் நூல் அறிமுகத்தை வழமை போல அல்லாமல் சற்று வேறுவிதமாகச் செய்வோம். பொறியியலாளராகவும் எழுத்தாளராகவும் வாழ்ந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்வோம். அவர்தான் சுஜாதா.

1935ஆம் ஆண்டு பிறந்த எஸ். ரங்கராஜன் ஸ்ரீரங்கத்தில் பாட்டியின் வீட்டில் வளர்ந்தவர். பௌதிகமும் பின்னர் இலத்திரனியலும் படித்தார். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் முக்கிய பங்கு வகித்தார். எழுத்து வாசிக்கத் தெரியாத கிராமத்துப் பெண்ணும் தன் சின்னத்தைக் கண்டு, பக்கத்தில் உள்ள பொத்தானை அழுத்திவிட்டு வரவேண்டும். அப்படி ஒரு இயந்திரத்தைச் செய்ய மின்சுற்று மட்டும் தெரிந்தால் போதாது, மனிதரையும் தெரிந்திருக்க வேண்டும். மனிதரைத் தெரிந்துகொள்ள நம்மிடம் உள்ள மலிவான வழி புத்தகம்தான்.

அவர் 2008 பெப்ரவரி 27இல் காலமானார். அதுவரை நாவல், சிறுகதை என்று எழுதிக் குவித்ததோடு, தான் வாசித்ததை மற்றவருக்குச் சொல்வதையும் விடவில்லை. 'கணையாழி'யின் கடைசிப் பக்கத்திலும், ஆனந்த விகடனில் வந்த 'கற்றதும் பெற்றதும்' தொடரிலும் அவர் சொல்லித்தான் பல கவிஞர்களையும் கதைகளையும் தமிழ் வாசகர்கள் தேடிப் போனார்கள். சங்கப் பாட்டையும் கணினிச் சில்லையும் ஒரே பக்கத்தில் கதைத்தவர் அவர். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று அவர் ஒருபோதும் நினைக்கவில்லை.

இன்னும் பின்னே போனால் ஆங்கிலேயப் பெண்மணி ஏடா லவ்லேஸ் வருகிறார். கவிஞர் பைரனின் மகள். தந்தையின் கவிதைக் குணம் மகளுக்கு வந்துவிடக் கூடாது என்றே தாயார் அவருக்குக் கணிதத்தைப் புகட்டினாராம். ஆனால் கணிதம் படித்த அந்த மகள் கற்பனையைக் கைவிடவில்லை. கட்டி முடிக்கப்படாத ஒரு கணிப்பு இயந்திரத்தைப் பற்றி 1843இல் அவர் எழுதிய குறிப்புகளே உலகின் முதல் கணினி நிரலாக இன்று பலராலும் கருதப்படுகின்றன. எண்ணைக் கூட்டும் இயந்திரம் ஒருநாள் இசையும் அமைக்கலாம் என்று அப்போதே எழுதினார்! கணக்கு மட்டும் தெரிந்த மூளைக்கு அது தோன்றியிருக்குமா?

எதை வாசிப்பது?

சுஜாதா பெரிதும் புகழ்ந்த கதைகளில் ஒன்று தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு'. ரயிலில் ஒரு தகப்பனும் சின்ன மகனும் போகிறார்கள். அதே பெட்டியில் ஒரு சிறுமி. தூரத்துக் கல்கத்தாவில் ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலைக்கு அவளை அழைத்துப் போகிறார்கள். தானே பிள்ளையாக இருக்கும் வயது அவளுக்கு. பையன் ஆசையாக வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை அவளிடம் கொடுக்கிறான். கதை அவ்வளவுதான். ஆனால் தோட்டங்களிலிருந்து கண்டிக்கும் கொழும்புக்கும் வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்ட சிறுமிகளை அறிந்த நமக்கு அது வெறும் ரயில் கதையல்ல. பத்து வயதுப் பிள்ளைக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். அடுத்த வீட்டில் வேலை செய்யும் பிள்ளையை அதன் பிறகு உங்கள் பிள்ளை வேறு கண்ணால் பார்க்கும்.

அடுத்தவர் புதுமைப்பித்தன். இவருடைய 'மனித யந்திரம்' பல்லாண்டுகளாகக் கணக்கெழுதியே தேய்ந்துபோன ஒரு கடைக் குமாஸ்தாவின் கதை. ஒரு நாள் கல்லாப் பணத்தை எடுத்துக்கொண்டு கொழும்புக்கு ஓடிவிட எண்ணி ரயில் நிலையம் வரை போகிறார். பிறகு திரும்பி வந்து பணத்தை வைத்துவிடுகிறார். நாள் முழுவதும் திரையின் முன்னே உட்காரப்போகும் பிள்ளை வாசிக்கவேண்டிய கதை இது. மனிதன் எப்போது இயந்திரமாகிறான் என்பதை அது கேட்கிறது. இவருடைய 'துன்பக்கேணி'யையும் விட்டுவிடாதீர்கள். நம் நாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடித்து அனுப்பப்பட்ட மருதி என்ற பெண்ணின் கதை அது. 1930களிலேயே எழுதப்பட்டது.

சுஜாதாவின் சொந்த நூல்களில் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கக்கூடியது 'என் இனிய இயந்திரா'. 1980களில் தொடராக வந்தபோது அதில் சொல்லப்பட்டது 2020களின் தொடக்கக் காலம். அந்தக் காலத்தை நாம் கடந்தே விட்டோம்! குழந்தை பெறுவதற்கும் அரசாங்கத்தின் அனுமதி வேண்டிய ஓர் உலகில், நிலா என்ற பெண்ணுக்குத் துணையாக வருவது ஜீனோ என்ற இயந்திர நாய். அந்த நாய் புத்தகம் வாசிக்கும்; வாசித்து வாசித்தே சிந்திக்கவும் தொடங்கும். செயற்கை நுண்ணறிவு பற்றி ஊரெல்லாம் கதைக்கும் இன்றைக்கு இதைத் தாயும் மகளும் சேர்ந்து வாசிக்கலாம். சாதாரண தரப் பிள்ளைகளுக்கு அவருடைய 'ஏன்? எதற்கு? எப்படி?' கேள்வி பதில் நூல் பிடிக்கும். அதில் சில விஞ்ஞானத் தகவல்கள் பழையவை ஆகிவிட்டன. எது பழையது என்று பிள்ளையையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

இந்தியப் புத்தகங்களோடு நிறுத்திவிடவும் கூடாது. நம் கண்டியில் பிறந்த சித்தி லெப்பை 1885இல் எழுதிய 'அசன்பே சரித்திரம்' தமிழில் வந்த ஆரம்ப நாவல்களில் ஒன்று. பெண் பிள்ளைகளின் படிப்புக்காக அந்தக் காலத்திலேயே உழைத்தவர் அவர். கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' தோட்டத்துப் பெண்ணின் வாழ்வை ஒரு பெண்ணே எழுதிய நாவல். தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே', சி.வி. வேலுப்பிள்ளையின் 'வீடற்றவன்' இரண்டும் மலையகத்தைத் தெரிந்துகொள்ள அவசியமானவை. நம் பிள்ளைகளுக்கு சிலிக்கன் பள்ளத்தாக்கு எங்கே என்று தெரியும். தங்கள் பூட்டி எந்த வழியாக இந்த மலைக்கு வந்தாள் என்பதும் தெரியவேண்டாமா?

எரிந்ததும் மீண்டதும்

சுஜாதாவின் இன்னொரு கதை 'ஒரு லட்சம் புத்தகங்கள்'. 1981 மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகமே அதன் பின்னணி. ஏறத்தாழ 97,000 நூல்கள் அங்கே சாம்பலாயின. வேறு பிரதி இல்லாத ஓலைச் சுவடிகளும் அவற்றோடு போயின. அந்த அநியாயத்தை உரக்கச் சொல்லவேண்டிய இடத்தில் படித்தவர்கள் எப்படித் தங்கள் பதவியை நினைத்து மௌனமாகிறார்கள் என்பதைத்தான் அந்தக் கதை கேட்கிறது.

கணினி படிக்கும் பிள்ளைக்கும் புத்தகத்துக்கும் உள்ள உறவு இங்கேதான் தெளிவாகிறது. 2005ஆம் ஆண்டு 'நூலகம்' என்ற திட்டத்தை நம் நாட்டுத் தமிழ் இளைஞர்கள் தொடங்கினார்கள். இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, யாரும் எங்கிருந்தும் இலவசமாக வாசிக்க வைத்தார்கள். கடையில் கிடைக்காத எத்தனையோ மலையக நூல்களை இன்று கைத்தொலைபேசியிலேயே திறக்கலாம். அதைச் செய்தது பெரும் பணமல்ல. புத்தகத்தை நேசித்தவர்களும் கணினி தெரிந்தவர்களும் சேர்ந்து தந்த தன்னார்வ உழைப்பே. புத்தகத்தை நேசிக்காத கணினிக்காரருக்கு ஸ்கேன் செய்யத் தெரியும். எதை ஸ்கேன் செய்யவேண்டும் என்று தெரியாது.

நேரம் யாருடையது?

சகோதரிகளே, இன்னும் ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க முடியாது. 'சுஜாதா' என்பது எழுத்தாளரின் பெயரல்ல, அவருடைய மனைவியின் பெயர். ரங்கராஜன் என்ற பெயரில் ஏற்கெனவே ஓர் எழுத்தாளர் பிரபலமாக இருந்ததால் மனைவியின் பெயரைப் புனைபெயராக்கிக் கொண்டார். அத்தனை புத்தகங்களின் அட்டையிலும் இருப்பது ஒரு பெண்ணின் பெயர்! பகலில் அலுவலகம், மீதி நேரத்தில் வாசிப்பு, எழுத்து என்று ஒருவர் வாழவேண்டுமானால், அந்த வீட்டின் அடுப்பையும் பிள்ளைகளையும் இன்னொருவர் பார்க்கவேண்டும். இது ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. எழுதிய ஆண்களில் பெரும்பாலோரின் வீட்டுக் கதையும் இதுதான்.

நாளை நம் மகள் மென்பொருள் பொறியியலாளர் ஆவாள். வேலை முடிந்து வந்ததும் சமையல், துணி, பிள்ளை எல்லாம் அவளுக்காகக் காத்திருக்கும். அவள் எப்போது வாசிப்பாள்? நல்ல புத்தகப் பட்டியல் கொடுப்பது சுலபம். அதை வாசிக்க நேரம் கொடுப்பதுதான் கடினம். மகனும் தேங்காய் துருவினால், கணவரும் பாத்திரம் கழுவினால், ஒரு நாளைக்கு அரை மணி நேரம் மிச்சமாகும். அந்த அரை மணி நேரத்தில் மாதத்துக்கு ஒரு நாவல் முடியும். வருடத்துக்குப் பன்னிரண்டு!

இந்த மாதமே மூன்று காரியங்களைத் தொடங்குங்கள். கண்டி நகரில் டி.எஸ். சேனாநாயக்க ஞாபகார்த்தப் பொது நூலகம் இருக்கிறது. மகளையும் அழைத்துப் போய் இருவருமே அங்கத்தவராகுங்கள். தூரத்தில் இருப்பவர்கள் உங்கள் பிரதேச சபை நூலகத்தைத் தேடுங்கள். அங்கே தமிழ் நூல் குறைவாக இருந்தால் எழுத்தில் கேளுங்கள். கேட்காத நூல் வராது. இரண்டாவதாக, அயலில் ஐந்து பெண்கள் சேர்ந்து ஆளுக்கொரு புத்தகம் வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு புத்தகத்தின் விலையில் ஐந்து வாசிக்கலாம். மூன்றாவதாக, வாசிக்கத் தெரியாத பாட்டி வீட்டில் இருந்தால், மகளை அவருக்கு உரக்க வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். 'துன்பக்கேணி'யை வாசிக்கத் தொடங்கினால் பாட்டி இடையில் நிறுத்தித் தன் கதையைச் சொல்லத் தொடங்கக்கூடும். மகளின் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு வசதி இருக்கிறது. அந்தக் கதை இன்னும் எந்தப் புத்தகத்திலும் வராதது.