ஒரு மாதத்தில் அரசியல் படிக்க முடியுமா?

கோடை விடுமுறையில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் மூன்று வாரமோ நான்கு வாரமோ அரசியல் படித்துவிட்டு வரும் ஏற்பாடு பற்றி இப்போதெல்லாம் அடிக்கடி காதில் விழுகிறது. இங்கே கல்லூரியில் சேர்ந்திருக்கும் பிள்ளை, ஜூன் ஜூலையில் பாரிஸுக்கோ லண்டனுக்கோ போய், வகுப்பில் உட்கார்ந்து, தேர்வு எழுதி, சான்றிதழோடு திரும்பி வரலாம். என் தங்கையின் பேத்தி பாரிஸ் போக ஆசைப்படுகிறாள். அவள் அப்பா என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "மாமா, நகையை வைத்தாவது அனுப்பலாமா?"

ஆளுக்கு ஒரு பதில் சொல்கிறார்கள். அரசியல் சாக்கடை, அதைப் போய்ப் படிப்பதற்கு விமானம் ஏற வேண்டுமா என்பது ஒரு பக்கம். பாரிஸ் என்றால் வாயை மூடிக்கொண்டு அனுப்பு என்பது இன்னொரு பக்கம். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். எந்த மனுவாக இருந்தாலும் சாதகம் பாதகம் இரண்டையும் எழுதிவிட்டுத்தான் மேலே அனுப்பிப் பழக்கம். இதையும் அப்படியே பார்க்கிறேன்.

முதலில் பணம். படிப்புக் கட்டணமே சில ஆயிரம் யூரோ. அதன் மேல் விமானம், ஒரு மாதத் தங்கல், சாப்பாடு, விசா. ஷெங்கன் விசாவுக்கு முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். கூட்டிப் பார்த்தால் நான்கு ஐந்து லட்ச ரூபாய் ஆகிவிடும். கிடைப்பது பட்டம் அல்ல. படித்ததற்கான மதிப்பெண் சான்று. அதைச் சொந்தக் கல்லூரி ஏற்றுக்கொண்டால் லாபம். அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டப் படிப்பில் நுழைய இது பின்கதவு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பட்டப் படிப்புக்குத் தனி விண்ணப்பம், தனிப் போட்டி.

பெயரைக் கேட்டு மயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சியான்ஸ் போ என்று நாம் சொல்லும் பாரிஸ் பள்ளி 1872-இல் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடம்தான் பிரான்ஸ் பிரஷ்யாவிடம் தோற்றுப் போயிருந்தது. ஏன் தோற்றோம், நம்மை ஆளுகிறவர்களுக்கு என்ன தெரியாமல் போயிற்று என்ற கேள்வியோடு எமில் பூத்மி என்பவர் ஆரம்பித்த பள்ளி அது. லண்டன் பொருளாதாரப் பள்ளி 1895-இல் பிறந்தது. அம்பேத்கர் அங்கே படித்தார் என்று பெருமையாகச் சொல்கிறோம். அவர் படித்தது வருடக்கணக்கில். இடையில் பணம் போதாமல் ஊர் திரும்பி, மறுபடியும் போய் முடித்தார். மூன்று வாரப் படிப்பை அதோடு ஒப்பிடக் கூடாது.

அப்படியானால் வேண்டாம் என்கிறேனா? இல்லை. போகலாம் என்பதுதான் என் கட்சி. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அறுபதுகளில் எங்கள் வகுப்பில் பிரான்சின் நதிகள், மலைகள், தெப்பார்த்மான்கள், அவற்றின் தலைநகரங்கள் எல்லாம் மனப்பாடம். குடியரசுத் தலைவரின் அதிகாரம் என்ன, பிரெஃபே என்பவர் யார், மேரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று எழுதினால் முழு மதிப்பெண். அதே வயதில் எங்கள் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் போட யார் உத்தரவிடுகிறார் என்று கேட்டிருந்தால் வகுப்பில் ஒருவனுக்கும் தெரிந்திருக்காது. பள்ளிக்கூடத்தில் ஒரு நாட்டின் அரசியல், வாசலைத் தாண்டினால் வேறொரு நாட்டின் அரசியல். பிறகு வேலைக்கு வந்து, கோப்பு எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போகிறது, எங்கே நிற்கிறது, யார் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான், மனப்பாடம் செய்த பாடத்துக்கெல்லாம் அர்த்தம் புரிய ஆரம்பித்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டுமே தெளிவாகின்றன. ஒப்பிட்டுப் பார்ப்பது என்கிறோமே, அந்தப் பழக்கம் வந்துவிட்டால் நான்கு வாரமும் போதும். அது வரவில்லை என்றால் நான்கு வருடமும் போதாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். பிரான்சில் 1982 வரை ஒரு நகராட்சி மன்றம் எடுக்கும் முடிவின் மேல் மத்திய அரசின் பிரெஃபேவுக்கு இருந்த பிடி பெரியது. அவர் தலையசைக்காமல் பல காரியங்கள் நகராது. 1982 மார்ச்சில் வந்த சட்டம் அந்தப் பிடியைத் தளர்த்தியது. அதன் பிறகு, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் முடிவெடுத்தால் அது செல்லும். சட்டத்துக்கு விரோதம் என்று பிரெஃபே நினைத்தால் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகலாம். தானாக நிறுத்தி வைக்க முடியாது. நியமிக்கப்பட்டவருக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கும் இடையே எல்லைக்கோடு எங்கே என்ற கேள்விக்கு அங்கே கண்ட விடை இது.

இந்தக் கேள்வி புதுச்சேரிக்காரர்களாகிய நமக்குப் புதிதா? 1963-ஆம் வருடத்து யூனியன் பிரதேசச் சட்டத்தின் கீழ் வாழ்கிறோம். சட்டமன்றத்துக்கு முப்பது பேரை நாம் தேர்ந்தெடுக்கிறோம். மூன்று பேர் வரை மத்திய அரசு நியமிக்கலாம். துணைநிலை ஆளுநரும் முதலமைச்சரும் கோப்பில் மோதிக்கொண்ட கதைகளை நீங்களும் நானும் எத்தனை முறை பத்திரிகையில் படித்திருக்கிறோம். யார் நல்லவர், யார் கெட்டவர் என்று கடற்கரைத் திட்டில் உட்கார்ந்து பேசி முடித்துவிடுகிறோம். 1982 சட்டத்தைப் படித்த பிள்ளை வேறு மாதிரி கேட்கும்: "தாத்தா, ஆளை விடுங்கள். சட்டத்தில் எந்தப் பிரிவு இப்படி இருக்கிறது? அதை எப்படி மாற்றுவது?" இந்தக் கேள்விக்காக ஒரு மாதம் வெளியே போய் வந்தால் தகும்.

இன்னொன்று, இதைவிட நெருக்கமானது. பிரான்சில் சுமார் முப்பத்தைந்தாயிரம் கொம்யூன்கள் இருக்கின்றன. சில நூறு பேர் வாழும் சிற்றூருக்கும் ஒரு மேர், ஒரு மன்றம். ஆறு வருடத்துக்கு ஒரு முறை தேர்தல். மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. யாரும் போய் உட்கார்ந்து கேட்கலாம். கொம்யூன் என்ற சொல் நமக்கும் சொந்தம்தான். கொம்யூன் பஞ்சாயத்து என்று இன்றும் பலகையில் எழுதி வைத்திருக்கிறோம். 1880-இலேயே இங்கே நகராட்சிகள் வந்துவிட்டன. 1871 முதல் பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஊர் இது. அந்தத் தேர்தல்களில் நடந்த தில்லுமுல்லுகளுக்குப் பாரிஸ் வரைக்கும் கெட்ட பெயர் என்பது வேறு விஷயம். 1954 அக்டோபர் 18-ஆம் தேதி கீழூரில் கூடி, இந்தியாவோடு சேர்வதா வேண்டாமா என்று வாக்களித்த 178 பேரில் நம் நகராட்சி மன்ற உறுப்பினர்களும் உண்டு. 170 பேர் சேரலாம் என்றார்கள், 8 பேர் வேண்டாம் என்றார்கள். இந்த ஊரின் தலையெழுத்தைத் தீர்மானித்ததில் கொம்யூன் மன்றத்துக்காரர்களுக்குப் பங்கு உண்டு.

அதற்குப் பிறகு? 1968-இல் நகராட்சித் தேர்தல் நடந்தது. அப்போது வாக்களிக்கும் வயது இருபத்தொன்று. எனக்கு அந்த வயது ஆகவில்லை. அடுத்த தேர்தல் 2006-இல், முப்பத்தெட்டு வருடம் கழித்து. அதில் தேர்வானவர்களின் காலம் 2011-இல் முடிந்தது. நான் இதை எழுதும் நாள் வரை மறுபடியும் தேர்தல் இல்லை. உள்ளாட்சிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் திருத்தம் வந்து 1993-இல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. எழுபது வயது தாண்டிய நான், பிறந்த ஊரின் நகராட்சிக்கு வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் ஓட்டுப் போட்டிருக்கிறேன். கடற்கரையில் இருந்த பழைய மேரி கட்டடம் 2014 மழையில் இடிந்து விழுந்தது. அதே அழகோடு திரும்பக் கட்டி 2021-இல் திறந்தார்கள். கட்டடம் வந்துவிட்டது. அதில் உட்கார வேண்டிய மன்றம் வரவில்லை.

நமக்கு இது பழகிப் போய்விட்டது. குப்பை எடுக்கவில்லை என்றால் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போகிறோம், சாக்கடை அடைத்தால் எம்.எல்.ஏ. வீட்டுக்குப் போகிறோம். வேறு வழி ஒன்று உண்டு என்பதே மறந்துவிட்டது. சில நூறு பேர் வாழும் ஊரில் மேர் எழுந்து கணக்குச் சொல்வதையும், ஊர்க்காரர்கள் குறுக்கே கேட்பதையும் ஒரு முறை கண்ணால் பார்த்த பிள்ளைக்கு நம் நிலைமை உறுத்தும். அந்த உறுத்தலை நம் தலைமுறை பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை. வெளியூர் போயாவது அது வரட்டுமே.

பிரான்சை நான் உச்சியில் வைத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். அங்கேயும் ஓட்டுப் போட வராதவர்கள் தொகை பெரிது, தெருவில் டயர் எரிப்பதும் உண்டு. அதையும் அவள் பார்த்துவிட்டு வரட்டும்.

சரி, போகிற பிள்ளைகளுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்.

மாதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் அக்டோபரில் தொடங்கி ஜூன் கடைசியோடு முடிகிறது. ஜூலையில் நடந்தால் அது சிறப்புக் கூட்டம். ஆகஸ்டில் போனால் பாரிஸில் அரசியலும் இல்லை, அரசியல்வாதியும் இல்லை, பல ரொட்டிக் கடைகளும் இல்லை. லண்டனிலும் ஜூலை பிற்பாதியில் நாடாளுமன்றத்துக்கு விடுமுறை விட்டுவிடுவார்கள். அரசியல் படிக்கப் போய் அது தூங்கும் நேரத்தில் சேர்ந்தால் என்ன பயன்? ஜூன் மாத வகுப்பு கிடைத்தால் அதையே எடுக்கலாம். கூட்டம் நடக்கும் வாரத்தில், செவ்வாய் புதன் கிழமைகளில் பூர்பொன் மாளிகையில் அமைச்சர்களைக் கேள்வி கேட்பதைப் பார்க்க முன்கூட்டியே அனுமதி வாங்கப் பார்க்க வேண்டும். இடதுசாரி, வலதுசாரி என்று நாம் சொல்லும் சொற்கள் 1789-இல் அவர்கள் சபையில் உட்கார்ந்த வரிசையிலிருந்து வந்தவை. அந்த வரிசையை நேரில் பார்ப்பது தனி அனுபவம்.

வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம். அதற்காகப் பிரெஞ்சை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கட்சிக்காரர்கள் துண்டுப் பிரசுரம் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு நாலு வார்த்தை பேசிப் பார்க்கட்டும். பாட்டி வீட்டில் கற்ற பிரெஞ்சு அங்கேதான் உதவும்.

போவதற்கு முன் மூன்றை முடிக்க வேண்டும். நம் அரசியல் சட்டத்தின் உள்ளாட்சிப் பகுதியைப் படிக்க வேண்டும். 1963 சட்டத்தைப் படிக்க வேண்டும். நம் தெருவில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள ஒரு சொல்தா வீட்டுக்குப் போய், 2012 முதல் வெளிநாட்டுப் பிரெஞ்சுக்காரர்களுக்கென்று உள்ள தொகுதியில் அவர்கள் எப்படி ஓட்டுப் போடுகிறார்கள் என்று கேட்க வேண்டும். ஒரே தெருவில் ஒரு வீடு புதுச்சேரி சட்டமன்றத்துக்கும் அடுத்த வீடு பாரிஸ் சபைக்கும் ஓட்டுப் போடுவதைப் பார்க்க யாரும் விமானம் ஏற வேண்டியதில்லை. ரோமன் ரோலன் நூலகத்துக்கு நடந்து போகும் செலவுதான் இதற்கெல்லாம்.

இனி, நகை விஷயம். என் பதில்: வைக்க வேண்டாம். கடன் வாங்கிப் போகிற பிள்ளையின் மனம் முழுக்க, போட்ட காசு திரும்புமா என்பதிலேயே இருக்கும். நிம்மதியாக எதையும் பார்க்காது. உதவித்தொகை உண்டா என்று அந்தப் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கேளுங்கள். இல்லை என்றால் இரண்டு வருடம் சேர்த்து வைத்து அடுத்த கோடைக்குப் போகட்டும். அதுவரை புதுவைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் துறை இருக்கிறது, நூலகம் இருக்கிறது, படிக்க வேண்டிய சட்டமும் கிடைக்கிறது. வசதி உள்ளவர்கள் தாராளமாக இந்த வருடமே அனுப்பலாம்.

அனுப்பும் தாத்தா பாட்டிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளை திரும்பி வந்ததும் ஈஃபில் கோபுரப் படங்களைக் காட்டச் சொல்லுங்கள், தப்பில்லை. அதற்கு அடுத்தபடியாக, "அங்கே பார்த்ததில் எது நம்மூருக்கு வேண்டும், எது வேண்டாம்?" என்று கேளுங்கள். பதில் வந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள். கேட்க நாங்கள் நாலு பேர் தினமும் மாலை ஆறு மணிக்கு மேரி கட்டடத்துக்கு எதிரே இருப்போம்.