கொடுக்கும் கருவி அறிந்து கொடுத்தல் வேண்டும்

மைக்கேல் பரடே என்னும் பேரறிஞர் 1831ஆம் ஆண்டில் ஓர் இரும்பு வளையத்தின் இருபுறத்தும் இரு கம்பிச்சுருள்களைச் சுற்றி, ஒன்றிலே மின்னோட்டத்தைத் தொடுத்தபோதும் துண்டித்தபோதும் மற்றதிலே கணநேர மின்னோட்டம் எழக் கண்டார். மின்காந்தத் தூண்டல் என நம் மாணவர் பௌதிகவியல் வகுப்பிலே பயிலும் இத்தத்துவமே, கைத்தொலைபேசியைத் தட்டொன்றின் மீது வைத்த மாத்திரத்தே அதன் மின்கலத்துக்கு மின்னேற்றும் கம்பியில்லாக் கருவியாக இன்று உருக்கொண்டுள்ளது.

இதன் வசதியைப் புகழ்வோர் பலர். எத்தனை உவாற்று, எத்தனை நிமிடம் என்பனவே விளம்பரங்களின் பேச்சாகும். கொடுக்குமுன் ஆராய்ந்து, தகாதவிடத்து நிறுத்திக்கொள்ளும் ஆற்றலே இக்கருவியின் தலையாய சிறப்பு என்பதும், அவ்வாற்றலுக்குச் சுருள்கள் நேர்பட அமைதல் இன்றியமையாதது என்பதும் நமது துணிபு.

தட்டினுள் உள்ள சுருளிலே செக்கனுக்கு 100,000 தடவைக்கு மேல் அலைவுறும் மின்னோட்டம் பாய்கின்றது. அதனால் எழும் காந்தப்புலம் கைத்தொலைபேசியின் சுருளிலே மின்னைத் தூண்டுகின்றது. இடையிலே நாணயமோ திறப்போ அகப்படின் அப்புலம் நண்பர், அயலார் என வேறுபாடு பாராது. அவ்வுலோகத்தினுள்ளும் சுழியோட்டங்களைத் தூண்டிச் சூடேற்றும். தொட்டவர் கையைச் சுடவும், தட்டையே பழுதாக்கவும் அச்சூடு போதியதாகும்.

இதனைத் தடுக்கும் முறை நல்ல வணிகரின் கணக்கை ஒத்தது. கைத்தொலைபேசி தான் பெற்ற வலுவின் அளவை இடையிடையே தட்டுக்கு அறிவிக்கின்றது. தட்டு, தான் கொடுத்த அளவிலிருந்து தன்னுள் இயல்பாக நேரும் இழப்பைக் கழித்து, எஞ்சியதை அவ்வறிவிப்புடன் ஒப்பிடுகின்றது. கணக்கில் அடங்காத இழப்பு எல்லை மீறின், வழங்கலை நிறுத்துகின்றது.

ஆயின் சுருள்கள் ஒன்றையொன்று விட்டு விலகின் இக்கணக்குத் தடுமாறும். காந்தப்பாயம் சிதறுதலின் தட்டு மிகுந்த மின்னோட்டத்தைச் செலுத்த நேரும். கைத்தொலைபேசியின் உலோகப் பகுதிகளும் சூடேறும். இயல்பான இழப்பு எது, நாணயத்தால் வந்த இழப்பு எது எனப் பிரித்தறிதல் அரிதாகும். ஆதலின், உரிய இடத்தில் பொருந்த வைத்தலைச் சிறு வசதியென எண்ணுதல் தகாது. பாதுகாப்பே அதன்மேல் நிற்கின்றது.

அப்பிள் நிறுவனம் 2017ஆம் ஆண்டு செப்டெம்பரில், மூன்று கருவிகளை எவ்விடத்தில் வைப்பினும் மின்னேற்றும் 'எயர்பவர்' என்னும் தட்டினை அறிவித்தது. 2019ஆம் ஆண்டு மார்ச்சில், அது தனது தரத்தை எட்டாதெனக் கூறி அம்முயற்சியைக் கைவிட்டது. 2020இல் அந்நிறுவனமே, கருவியை உரிய இடத்துக்கு இழுத்துப் பொருத்தும் காந்த வளையத்தைத் தன் கைத்தொலைபேசிகளில் அமைத்தது. 'சீ' எனப்படும் உலகப் பொது நியமத்தின் இரண்டாம் பதிப்பு 2023இல் அவ்வளையத்தையே ஏற்றுக்கொண்டது. எங்கு வைப்பினும் நன்றென்னும் ஆசை, இங்கே வைத்தல் நன்றென்னும் ஒழுங்குக்கு வழிவிட்டமை போற்றத்தக்கது.

இவையெல்லாம் விலையை ஏற்றும் என்பாரும், அடிக்கடி நின்றுபோகும் கருவி தொல்லை என்பாரும் உளர். உருகி அறுந்து வீட்டை இருளாக்குகின்றதென்று அதனைக் கழற்றியெறிவார் இலர். காரணமின்றி நிற்கும் கருவியைத் திருத்துதல் முறை. நிற்கவே அறியாத கருவியை மலிவென்று வாங்குதல் முறையன்று. மோட்டார் வண்டிகளுக்குக் கம்பியின்றி 11 கிலோ உவாற்று வரை மின்னேற்றுதற்கும் 2020இல் நியமம் வகுக்கப்பட்டுவிட்டது. வண்டியின் கீழே கிடக்கும் ஆணியையும் அங்கே உறங்கும் பூனையையும் கண்டு நிற்கும் கருவியே அவ்விடத்துக்கு ஏற்றதாகும். கைத்தொலைபேசியளவில் இன்று நாம் பொறுத்துக்கொள்ளும் குறை, அவ்வளவு பெரிய வலுவில் பொறுக்கத்தக்கதன்று.

ஆகவே வாங்குவோர் வேகத்தை வினவுமுன் நியமச் சான்று உண்டோவென வினவுதல் வேண்டும். நம் ஆய்வுகூடத்திலே இரு சுருள்களை நேரேயும் விலக்கியும் வைத்து, தூண்டிய மின்னழுத்தம் குறையும் வகையை மாணவர் தம் கையால் அளந்தறிதல் வேண்டும். அவ்வாறு அளந்தறிந்தவர் நாளை இக்கருவிகளை ஆக்குமிடத்தும் வாங்குமிடத்தும் இவ்வினாவை மறவார் என்பது நமது நம்பிக்கை.