வளைவுகளும் வாடகையும்

படி, மரக்கால், தராசு என நம் முன்னோர் கண்ட அளவைகள் யாவும் கொடுப்பவனுக்கும் கொள்பவனுக்கும் நடுவே நின்று வழக்குத் தீர்த்தவை. காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலையைப் பட்டினப்பாலை போற்றுவதும் இருபாலும் குறையாத அந்நேர்மை கருதியே. வாடகை வண்டியில் அந்த நடுவனின் இடத்தில் அமர்ந்திருப்பது மீட்டர்.

2013 ஆகஸ்டில் சென்னை ஆட்டோக்களுக்கு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் எனக் கட்டணம் வரையறுத்த தமிழக அரசு, செயற்கைக்கோள் வழி இயங்கும் ஜி.பி.எஸ். மீட்டர்களை விலையின்றி வழங்குவதாகவும் அறிவித்தது. அவ்வறிவிப்பு முழுமையாகச் செயல்வடிவம் பெறவில்லை. ஆயினும் அக்கருவி செய்யவேண்டிய பணியை நகரங்களில் இன்று கைப்பேசிச் செயலிகள் செய்துவருகின்றன. சமவெளிக்கென வகுத்த இவ்வளவை பழனி மலையேறிக் கொடைக்கானல் வந்தால் பொய்க்காதா என்பதே ஈண்டு நம் வினா. அங்கே பெரும்பாலும் இடத்துக்கு இவ்வளவு, சுற்றுக்கு இவ்வளவு எனப் பேசி முடிப்பதே வழக்கம். பேரம் பேசத் தெரியாத பயணி மீட்டரை விரும்புவது இயல்பே.

பழைய மீட்டர் சக்கரத்தின் சுழற்சியை எண்ணித் தூரம் காண்பது. டயர் தேய்ந்து சுற்றளவு சுருங்கினால் அது உள்ளதினும் மிகுத்துக் காட்டும். புதியதோ, வண்டி இருக்கும் இடத்தை இடைவிட்டு இடைவிட்டுப் புள்ளியாகக் குறித்து, புள்ளிகளை நேர்க்கோட்டால் இணைத்துக் கூட்டுவது.

மலையின் ஏற்றமே இக்கணக்கைக் கெடுக்கும் எனப் பலரும் எண்ணுவர். அஃது உண்மையன்று. நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் சாலையில், ஏற்றத்தைக் கருதாமல் அளந்தாலும் கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர்கூடக் குறைவதில்லை. உண்மையான கள்வன் வளைவே. பதினைந்து மீட்டர் ஆரமுள்ள கொண்டை ஊசி வளைவைச் சுற்றி வர வண்டி ஓடுவது 47 மீட்டர். வளைவின் இரு முனைகளையும் நேராக இணைத்தால் 30 மீட்டரே. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அவ்வளைவைக் கடக்க ஒன்பது நொடி போதும். பத்து நொடிக்கு ஒரு புள்ளி வைக்கும் கருவிக்கு அங்கே வளைவென ஒன்று இருந்ததே தெரியாது! நொடிக்கு ஒரு புள்ளி வைத்தாலோ, நேர்க்கோட்டால் நேரும் இழப்பு நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே பிழை வானத்தில் இல்லை. கருவியை அமைத்தவர் கையில் இருக்கிறது. அப்பிழையின் சுமை ஓட்டுநர் தலையில் விழுகிறது.

பயணியும் தப்புவதில்லை. வெள்ளி நீர்வீழ்ச்சியருகே வண்டி அசையாது நிற்கும்போதும், புள்ளிகள் சில மீட்டர் அங்குமிங்கும் தடுமாறுவதால், கவனமின்றி அமைத்த கருவி ஓடாத தூரத்தையும் கூட்டிவிடும். மூடுபனி இக்குறிகளைத் தடுப்பதில்லை. அடர்ந்த சோலையும் பாறைச் சுவருமே தடுப்பவை. அயனி மண்டலம் அவற்றைத் தாமதப்படுத்துவதும் உண்டு. 1899இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தார் நெடுங்காலம் ஆராய்ந்த மண்டலம் அது என்பது சுவையான செய்தி.

எனவே செயற்கைக்கோளை வேண்டாம் எனத் தள்ளுவது நம் கருத்தன்று. நொடிக்கொரு புள்ளி, வண்டி நிற்கையில் கூட்டாமை, குறி மறையும் இடத்தில் சக்கரக் கணக்கின் துணை ஆகிய மூன்றும் உடைய கருவிக்கே முத்திரை இடப்பட வேண்டும். பெருமாள்மலையிலிருந்து நகர் வரை சங்கிலி கொண்டு அளந்த சாலைப் பகுதி ஒன்றில், ஏறும்போதும் இறங்கும்போதும் அதனை ஓட்டிச் சோதித்தல் வேண்டும். சென்னையின் நேர்ச்சாலையில் தேறிய கருவி இங்கே தேறியதாகாது.

தூரம் சரியானாலும் கூலி சரியாகிவிடாது. முதல் கியரில் முனகியபடி ஏறும் ஒரு கிலோமீட்டரும் கடற்கரைச் சாலையில் வழுக்கிச் செல்லும் ஒரு கிலோமீட்டரும் எரிபொருளில் ஒன்றல்ல, நேரத்தில் ஒன்றல்ல. பயணியை மேலே இறக்கிவிட்டு வெறும் வண்டியாய் வத்தலக்குண்டுக்குத் திரும்பும் தூரத்தை எந்தச் செயற்கைக்கோளும் பயணியின் கணக்கில் எழுதுவதில்லை. மலைக்கெனத் தனிக்கட்டணம் வகுத்த பின்னரே அங்கு மீட்டர் பொருத்தவேண்டும். அக்கட்டணத்தை வகுக்கும் அவையில் ஓட்டுநருக்கும் ஓர் இருக்கை வேண்டும்.