வேலைகளைப் பிரிச்சுக் கொடுக்க சாஃப்ட்வேர்... செட் பண்ண நிபுணர் தேவையா? பணம் கொடுக்கும் முன் இதைப் படிங்க!

கார்த்திகை தீபம் நெருங்கினாலே திருவண்ணாமலையில் லாட்ஜ், டிராவல்ஸ், ஹோட்டல் என எங்கும் ஒரே கேள்விதான்: "அந்த வேலையை யாரு பார்க்கிறா?"

ஒரு லாட்ஜை எடுத்துக்கொள்வோம். "தண்ணி லாரிக்குச் சொல்லியாச்சா?" என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஓனர் கேட்கிறார். நாலு பேர் கட்டைவிரல் காட்டுகிறார்கள். ஆனால், லாரிக்கு யாருமே போன் பண்ணவில்லை. அறைகள் நிரம்பிய பிறகுதான் விஷயம் தெரிகிறது!

இதைத் தவிர்க்கத்தான் ட்ரெல்லோ, ஆசனா, ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ் போன்ற சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன. இவற்றை அமைத்துக் கொடுக்கவே தனி நிபுணர்களும் இருக்கிறார்கள்.

சாஃப்ட்வேர் என்ன செய்யும்?

ஒவ்வொரு வேலைக்கும் என்ன வேலை, யார் பொறுப்பு, எப்போது முடிக்கணும், எது முடிந்தால் இது தொடங்கும் என நான்கு விவரங்களைப் பதிவு செய்யலாம். கெடு நெருங்கினால் போனுக்கே நினைவூட்டல் வரும்.

நிபுணரின் வேலை என்ன?

உங்கள் வேலை நடக்கும் முறையைக் கேட்டு, அதற்கேற்ப சாஃப்ட்வேரை அமைப்பது, ஊழியர்களுக்குப் பழக்கிக் கொடுப்பது. ஆனால், யார் எதற்குப் பொறுப்பு என்பதை அவரால் முடிவு செய்ய முடியாது. அதை நீங்கள்தான் சொல்லணும்.

தீபத் திருவிழா சொல்லும் பாடம்

2024 டிசம்பர் 1-ம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையால் திருவண்ணாமலை மலையடிவாரத்தில் ஏற்பட்ட மண்சரிவில் 7 பேர் உயிரிழந்தனர். டிசம்பர் 13-ல் மகா தீபம். 2,668 அடி உயர மலையில் பக்தர்களை ஏற விடலாமா என்ற கேள்வி எழுந்தது.

புவியியல் வல்லுநர்கள் மலையை ஆய்வு செய்து அறிக்கை கொடுத்தார்கள். ஆனால் பக்தர்களுக்கு அனுமதி இல்லை என்று முடிவெடுத்து, அந்தப் பொறுப்பை ஏற்றது அரசு. கொப்பரை, நெய் கொண்டு செல்லத் தேவையானவர்கள் மட்டும் ஏறினார்கள். தீபமும் ஏற்றப்பட்டது.

வல்லுநர் வழி சொல்வார், முடிவு நம்முடையது. பத்து பேர் வேலை செய்யும் கடைக்கும் இதே கணக்குதான்.

பணம் கொடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

* முதலில் ஒரு வாரம் எல்லா வேலைகளையும் நோட்டில் எழுதுங்க. ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெயர். 'எல்லோரும் பார்த்துப்பாங்க' என்று எழுதினால், யாரும் பார்க்க மாட்டாங்க.

* இலவச வசதியில் தொடங்குங்க. மேலே சொன்ன மூன்றிலுமே வரம்புக்குட்பட்ட இலவசத் திட்டம் இருக்கிறது. அதுவே போதும் என்றால் செலவு மிச்சம்.

* அட்மின் கணக்கு உங்கள் இ-மெயிலில் இருக்கணும். நிபுணரின் பெயரில் இருந்தால், அவர் விலகும் நாளில் உங்கள் தகவல்களும் அவர் கையில்தான் இருக்கும்.

* முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்காதீங்க. அமைத்ததும் ஒரு பகுதி, ஊழியர்கள் ஒரு மாதம் பயன்படுத்திய பிறகு மீதி என்று பேசி, எழுதி வாங்கிக்கோங்க.

* ரிசப்ஷனில் இருப்பவர் மட்டுமல்ல, ரூம் பாயும் தன் போனில் தமிழில் படிக்க முடிகிறதா என்று பாருங்க.

தீபத்துக்கு முந்தைய வாரம் புது சாஃப்ட்வேரைத் தொடங்குவது ஆபத்து. கூட்டம் குறைவான நாட்களில் ஒரே ஒரு வேலையில், உதாரணமாக அறை சுத்தம் செய்வதில், முயற்சி செய்து பார்க்கலாம். ஓனரே தினமும் அதைத் திறந்து பார்க்கலைன்னா, ஊழியர்களும் பார்க்க மாட்டாங்க. மறுபடியும் வாட்ஸ்அப் குரூப்தான்!